ஹெரால்டா? பியட்டா?

மனிதனுக்கு ஆசைகள் பல. சிலருக்கு மண்ணாசை, சிலருக்குப் பொன்னாசை. எனக்கு வாய்த்தது கார் ஆசை. அதிலும் புதிய கார் மீது எனக்கு ஒருநாளும் மனம் சென்றதில்லை. கடையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னே மின்விளக்கில் மின்னிக்கொண்டு நிற்கும் கார், மணப்பந்தலில் அமர்த்திய பொம்மை போலவே எனக்குத் தோன்றும். வெயிலும் மழையும் கண்டு, நான்கு கைகள் மாறி, ஒரு கதவு மட்டும் சற்றே அழுத்திச் சாத்தவேண்டியதாய் நிற்கும் பழைய சிறு கார்களே என் உள்ளம் கவர்ந்தவை. நம் மன்றத்து இதழுக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் வந்தபோது, "சங்க இலக்கியம் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நீ உன் காரைப் பற்றி எழுது" என்றார்கள். எழுதுகிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

எங்கள் ஊர் ரேணிகுண்டா. ஊரை அறியாதவரும் சந்திப்பை அறிவர். கூடூர், அரக்கோணம், கடப்பை, திருப்பதி என நான்கு திசைக்கும் இருப்புப் பாதை பிரியும் இடம் அது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு, பட்டறையில் இரண்டும் கலந்த மூன்றாவது மொழி. இப்படி வளர்ந்தவன் நான்.

என் தந்தையார் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, வண்டிகளின் சக்கரத்தையும் தடையையும் தட்டிப் பார்த்தே முப்பத்தைந்து ஆண்டு கழித்தவர். அதற்கு முன், இருபது வயதில், எங்கள் ஊர்ப்பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் நான்கு ஆண்டு கார் ஓட்டினார். அந்தக் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எங்கள் வீட்டில் கடவுள் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் உச்சரிக்கப்பட்ட பெயர் அதுதான் என்றால் மிகையாகாது. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் பேச்சு எப்படியோ ஹெரால்டில் வந்து முடியும்.

2023ஆம் ஆண்டு எனக்கு ஆராய்ச்சி உதவித்தொகையின் நிலுவை மொத்தமாக வந்தது. 2,10,000 ரூபாய். என் வாழ்நாளில் அவ்வளவு பணத்தை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. அன்றிரவே அம்மா சொன்னார்: "கூரை ஒழுகுது. ஓட்டை மாத்தணும். மரமும் உளுத்துப் போச்சு. எழுபதாயிரமாவது ஆகும்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன். ஆனால் என் மனம் கூரையில் இல்லை. அது ஏற்கெனவே தெருவில் இறங்கிப் பழைய கார் தேடத் தொடங்கியிருந்தது.

இரண்டு மாதத்தில் மூன்று கார்கள் கண்ணில் பட்டன. திருப்பதியில் ஒரு பியட் ஊனோ, விலை 60,000. திருத்தணியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, விலை 1,75,000. காளத்தியில் ஒரு பிரீமியர் பத்மினி, அதாவது பழைய பியட் 1100, விலை 85,000. மூன்றும் ஐரோப்பாவில் கருவாகி இந்தியாவில் பிறந்தவை. மூன்றும் சிறியவை. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? கார் ஆசை உள்ளவனுக்கு இதைவிட இன்பமான துன்பம் வேறு உண்டோ?

முதலில் ஊனோவைச் சொல்கிறேன். பின்பக்கம் டிக்கி என்று தனியே நீட்டிக்கொண்டிராமல், பின்கண்ணாடியோடு சேர்ந்த ஒரே கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறு கார்கள் இன்று தெருவெங்கும் ஓடுகின்றன. இவ்வகைக்கு ஐரோப்பாவில் ஒரு வரலாறு உண்டு. 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிறு வண்டியின் அருமை அப்போது தெரிந்தது. 1959இல் அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மினி வெளிவந்தது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, முன்சக்கரங்களையே இழுக்கச் செய்து, ஏறத்தாழப் பத்தடி நீளத்துக்குள் நான்கு பேரை அவர் உட்காரவைத்துவிட்டார். 1961இல் பிரான்சு நாட்டின் ரெனோ 4 பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவோடு வந்தது; விவசாயி அதில் மூட்டையும் ஏற்றினான், மாமியாரையும் ஏற்றினான். 1974இல் ஜெர்மனியின் கோல்ஃப் வந்தது. 1983இல் இத்தாலியின் பியட் ஊனோ வந்தது. கோல்ஃபுக்கு உருவம் வரைந்த ஜியூஜாரோவே ஊனோவுக்கும் உருவம் தந்தவர். உயரமான கூரை, நிமிர்ந்து உட்காரும் இருக்கை, உள்ளே இடம், வெளியே சுருக்கம். 1984ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்னும் சிறப்பு அதற்குக் கிடைத்தது. 1990களின் நடுவில் அது இந்தியாவுக்கும் வந்தது.

திருப்பதியில் நான் பார்த்த ஊனோ ஓட்டுவதற்கு மிக இனிமையாக இருந்தது. மூன்றிலும் அதுவே இளையது, அதுவே விரைவானது. ஐந்து கியர். தொட்டால் திரும்பும். உரிமையாளர் நல்ல மனிதர், உண்மையை மறைக்கவில்லை. "கதவுக் கைப்பிடி ஒன்று உடைந்து எட்டு மாதமாகத் தேடுகிறேன்" என்றார். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்திருந்தன. இரும்பு உடைந்தால் பட்டறையில் ஒட்டலாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உடைந்தால் யாரிடம் போவது? ஊனோ நம் நாட்டில் நெடுங்காலம் நிலைக்காமல் போனதால் பழைய உதிரிச் சாமான்களின் குவியலும் இல்லை. பழைய வண்டியின் ஆயுள் அதன் வயதில் இல்லை, அதன் இனத்தார் எத்தனை பேர் இறந்து கிடக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இதை நான் அன்று கற்றேன். ஊனோவை விட்டு வரும்போது சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்து ஹெரால்டு. அப்பாவையும் அழைத்துக்கொண்டு காலை ரயிலில் திருத்தணி சென்றேன். ஒரு வீட்டின் பின்புறம், தென்னங்கீற்றுக் கொட்டகையில், வெளிர்நீல நிறத்தில் அது நின்றது. எம்.எஸ். என்று தொடங்கும் சென்னை மாநிலக் காலத்து எண்பலகை. 1964இல் பதிவான, இரண்டு கதவு வண்டி. அப்பா அருகே போனார். முன்பக்கத்தில் இரு புறமும் இருந்த கொக்கிகளை விடுவித்தார். மூக்கையும் முன்சக்கர மூடிகளையும் சேர்த்து அந்த முன்பாகம் முழுவதையும் முன்னோக்கிக் கவிழ்த்தார். எஞ்சின் முழுவதும் திறந்த வெளியில் நின்றது. முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "டேய், இங்க பாரு. இப்படி உக்காந்துதான் பிளக் துடைப்பேன்" என்றார். ஐம்பது ஆண்டுக்கு முன் உட்கார்ந்த இடம். எழுபத்தோரு வயதுக்காரர் முகத்தில் இருபது வயது தெரிந்தது.

ஹெரால்டின் கதை நம்மவர்க்குச் சற்று நெருக்கமான கதை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்குக் காரின் உடலைச் செய்து தந்துகொண்டிருந்த தொழிற்சாலையை 1950களில் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. இனி முழு உடலை ஒரே இடத்தில் செய்துகொள்ள வழியில்லை. எனவே கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் பல இடங்களில் செய்த துண்டுகளைத் திருகாணியால் பூட்டுவது என்று முடிவு செய்தார்கள். இத்தாலியரான மிக்கெலாட்டி அதற்கு அழகிய உருவம் கொடுத்தார். 1959இல் டிரையம்ப் ஹெரால்டு பிறந்தது. வறுமையில் பிறந்த யோசனைதான். ஆனால் தொழில் புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு அதுவே ஏற்றதாக அமைந்துவிட்டது. சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் செய்யப்பட்டது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்குப் பியட், சென்னைக்கு ஹெரால்டு என்று அக்காலத்தில் மூன்று நகரங்களும் மூன்று கார்களைப் பெற்றிருந்தன. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் பின்னாளில் சென்னையில் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்று கெசல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1980கள் முடிவதற்குள் தொழிற்சாலையே ஓய்ந்தது.

ஓட்டிப் பார்த்தேன். 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். வேகம் பெரிதாக இல்லை. ஆனால் திருப்பம்! இருபத்தைந்தடி வட்டத்துக்குள் அது முழுவதுமாகத் திரும்பிவிடும். அந்த வீட்டுச் சந்தில் ஒரே மூச்சில் திருப்பிக் காட்டினார் அப்பா. "மலைப் பாதைக்கு இதை விட்டா வேற வண்டி ஏது?" என்றார். திருமலைக்கு 1944இல் முதல் பாதை திறந்தது. இரண்டாம் பாதை வந்தது 1974இல்தான். அப்பா மருத்துவரிடம் சேர்ந்த காலத்தில் ஏறவும் இறங்கவும் ஒரே பாதை. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய கார்கள் முன்னும் பின்னும் தவித்துக்கொண்டு நிற்கும்போது ஹெரால்டு பாம்பு போல் வளைந்து போகுமாம். வழியில் ஒருமுறை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டவேண்டும். மற்றபடி குறை சொல்ல முடியாதாம். குறை ஒன்று உண்டு. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே அசையும் அமைப்பு அதில். வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று காலை எடுத்தால், வெளிப்பக்கத்துச் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் வால் வழுக்கும். "பயப்படுறவனுக்கு அந்த வண்டி ஆகாது, அவசரப்படுறவனுக்கும் ஆகாது" என்பது அப்பாவின் விளக்கம்.

கீழே படுத்துப் பார்த்தேன். சட்டத்தின் பக்கக் கைகள் இரண்டில் துரு. சுத்தியலால் மெல்லத் தட்டினால் சத்தம் மணி போல் வரவேண்டும். ஓட்டைப் பானை போல் வந்தது. சரிசெய்ய அறுபதாயிரம் ஆகும் என்று கணக்கிட்டேன். பிறகு சட்டச் சிக்கல். வண்டி தமிழ்நாட்டுப் பதிவு. நான் இருப்பது ஆந்திரம். தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி மறுபதிவு செய்யவேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்திருக்கிறது. பழமையான வண்டி என்று பதியலாம், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அம்மாவைக் காய்கறிச் சந்தைக்கு அழைத்துப் போகக் கூடாத காரா? எனக்கு அந்த எண்ணமே கசந்தது.

இருந்தும் மனம் விடவில்லை. திரும்பும் ரயிலில் அப்பா வாய் மூடாமல் பேசிக்கொண்டே வந்தார். கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஒரு மழைக்காலம் பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம் என்று என் நெஞ்சம் எனக்கே வக்கீலாக நின்று வாதாடியது. வாதத்தின் சூழ்ச்சியைக் கவனியுங்கள்: "எனக்காகவா வாங்குகிறேன்? அப்பாவுக்காக அல்லவா!"

மூன்றாவது, காளத்திப் பத்மினி. வால்சந்து ஹீராசந்து 1944இல் தொடங்கிய பிரீமியர் நிறுவனம், பம்பாய்க் குர்லாவில் 1954 முதல் பியட் 1100ஐச் செய்தது. 1964இல் புதிய உருவம் வந்தது. 1974இல் அதற்குப் பத்மினி என்று பெயரிட்டார்கள். அந்தப் பத்மினி ராஜபுத்தானத்துச் சித்தூர் அரசி. நம் சித்தூர்க்காரர்கள் சிலர் பெயரொற்றுமையால் அவளுக்குச் சொந்தம் கொண்டாடுவதுண்டு. அதில் வரலாறு இல்லை, பாசம் உண்டு. ஏறத்தாழ 2000 வரை அதே உருவம், அதே 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின். சோம்பல் என்று சொல்வார் உண்டு. ஆனால் அந்தச் சோம்பலால்தான் 1970இல் செய்த துண்டு 1995இன் வண்டிக்கும் பொருந்துகிறது.

நான் பார்த்தது 1986இன் வண்டி. வெண்ணிறம், நான்கு கதவு, ஸ்டியரிங் அடியிலேயே கியர்க் கம்பி. முன் இருக்கை ஒரே நீளம். மூன்று பேர் நெருங்கி உட்காரலாம். கியர் மாற்றுவது முதலில் குழப்பம், பிறகு விளையாட்டு. ஹெரால்டைப் போல் சுருங்கித் திரும்பாது. ஊனோவைப் போல் பாயாது. ஆனால் ஓட்டுகிறவன் கைக்கு ஒவ்வொன்றையும் சொல்லும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கு; மிதித்தால் நிற்பதற்குச் சற்று நேரம் கேட்கும். முன்சக்கர மூட்டுகளுக்கு ஒழுங்காகக் கிரீஸ் வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும்.

பார்த்துச் சொல்ல எங்கள் ஊர்ப் பட்டறைப் பாயை அழைத்துப் போயிருந்தேன். அவர் அறுபது ஆண்டு பியட் பார்த்த கை. தகரத்தைத் தடவினார், எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்தார், புகைக்குழாயில் விரலைவிட்டுப் பார்த்தார். "தம்பி, எஞ்சின் உயிரா இருக்கு. கதவுக்குக் கீழே டிங்கரிங் வேலை. நாப்பதாயிரம் வெச்சுக்க" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "இப்ப பெட்ரோல்ல எரிசாராயம் கலக்குறாங்க. பழைய ரப்பர் குழாயெல்லாம் அதுல ஊறிப் பிஞ்சிரும். பம்ப்ல இருக்கற தோலும் போயிரும். எல்லாத்தையும் புதுசு மாத்திரு." இதைப் பழைய கார் வாங்கும் எவரும் மறக்கலாகாது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு படிப்படியாகக் கூடி 2025இல் நூற்றுக்கு இருபதை எட்டியது. அதற்கெனச் செய்யப்படாத ரப்பர் துண்டுகள் வீங்கியும் விரிசல் விட்டும் போகும். பெட்ரோல் கசியும் இடம் சூடான எஞ்சினுக்கு அருகில் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

"ஹெரால்டு எப்படிப் பாய்?" என்று கேட்டேன். சிரித்தார். "அழகான வண்டி. எனக்கு அது வராது. வந்தவங்க போய்ட்டாங்க."

இந்த ஒரு வாக்கியம் என் மூளையைத் தொட்டது, நெஞ்சைத் தொடவில்லை. ஆர்வலனுக்கு மூன்று தராசு உண்டு: கண், கை, பை. என் கண் ஹெரால்டு என்றது. கை, அதாவது பழுதுபார்க்கும் கை, பியட் என்றது. பை, இரண்டையும் விட்டுக் கூரையைப் பார் என்றது. மூன்று நாள் உறக்கம் இல்லை. நான்காம் நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும், வக்கீல் வாதத்தை அப்பாவின் முன் வைத்தேன்.

"அப்பா, ஹெரால்டையே எடுத்துடலாம். உங்களுக்காகத்தான்."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நாலு வருஷம் அந்த வண்டிய ஓட்டினேன். துடைச்சேன், கழுவினேன், உள்ளேயே தூங்கினேன். ஆனா நம்ம வீட்டு ஆள் ஒருத்தர்கூட அதுல உக்காந்தது இல்லடா. எங்க அம்மாவுக்குக் காய்ச்சல் முத்தினப்ப மாட்டு வண்டியிலதான் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோனேன். வண்டி கொட்டகையில நின்னுட்டு இருந்துது. டாக்டரு நல்லவரு, கேட்டிருந்தா சாவிய எடுத்துக் கையில குடுத்திருப்பாரு. எனக்குத்தான் கேக்க வாய் வரல."

நாங்கள் மூவரும் பேசவில்லை. பாட்டி அந்தக் காய்ச்சலில் பிழைத்தார் என்பது எனக்குத் தெரியும். மாட்டு வண்டியின் கதை தெரியாது. இத்தனை ஆண்டு ஹெரால்டு புராணத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர் புரட்டியதே இல்லை.

"அதனாலதான்பா சொல்றேன், ஹெரால்டே..." என்று தொடங்கினேன்.

"அதனாலதான் வேண்டாங்கறேன்" என்றார். "ரெண்டு கதவு வண்டி அது. முன்சீட்டை மடிச்சிட்டுப் பின்னால ஏறணும். உங்கம்மா முழங்காலுக்கு அது ஆகுமா? பியட்டுல கதவத் திறந்தா உக்காந்துக்கலாம். வண்டி வாங்கினா வீட்டு ஆள் உக்காரணும். எனக்கு ஓட்டிப் பாக்கற ஆசை திருத்தணியிலேயே தீந்துது."

அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்: "ஏங்க, ரெண்டு பேரும் என் முழங்கால வெச்சே பேசறீங்க. கூரைய யாரு பேசறது?"

அன்றிரவே காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம். ஹெரால்டு 1,75,000, பழுதுக்கு 60,000, பதிவுச் செலவு தனி. கையிலிருக்கும் பணமே போதாது, கடன் வாங்கவேண்டும். பியட் 85,000, பழுதுக்கு 40,000, கூரைக்கு 70,000. ஆக 1,95,000. மீதி 15,000. அதிலும் 5,000 பதிவுப் புதுப்பிப்புக்கு; பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகியிருந்தது. கணக்கு தீர்ந்தது, வழக்கும் தீர்ந்தது. முதலில் கூரை, பிறகு கார் என்பது அம்மாவின் நிபந்தனை. அவ்வாறே செய்தோம்.

அக்டோபர் இறுதியில் பத்மினி எங்கள் வாசலுக்கு வந்தது. அதே வாரம் செய்தித்தாளில் ஒரு செய்தி: மும்பையில் கருப்பு மஞ்சள் வாடகைக் காராக ஓடிய கடைசிப் பத்மினிக்கு இருபது ஆண்டு வயது நிறைந்து, 30ஆம் தேதியோடு அந்த இனம் அந்நகரத் தெருக்களை விட்டு விடைபெற்றது. அப்பா அதை உரக்கப் படித்தார். "அங்க ஓய்வு குடுத்துட்டாங்க. இங்க வேலைக்குச் சேர்ந்திருக்கு" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் நகைச்சுவை அம்மாவின் இலாகா.

முதல் நீண்ட பயணமாக மாமண்டூர் வழியாகக் கோடூர்ச் சாலையில் போனோம். இருபுறமும் சேஷாசலக் காடு. செம்மரம் தானாக வளரும் மலை. அப்பா முன்னே என் பக்கத்தில், அம்மா பின்னே தனி அரசியாக. பாலப்பள்ளி தாண்டியதும் வண்டி இருமிற்று, நின்றுவிட்டது. எனக்கு வியர்த்தது. அப்பா பதறவில்லை. இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் சூட்டில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டதாம். ஆவியைப் பம்ப் இழுக்காதாம். தோளில் இருந்த துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றினார். பத்து நிமிடம் மர நிழலில் நின்றோம். அம்மா கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தார். பிறகு சாவியைத் திருப்பினேன். எஞ்சின் எழுந்தது. "ஹெரால்டுலயும் இதே வைத்தியந்தான்" என்றார் அப்பா. துண்டு அன்றுமுதல் காரிலேயே இருக்கிறது.

கார் வாங்கும் ஆசையுள்ள இளைஞர்கள் நம் மன்றத்தில் சிலர் உண்டு. அவர்களுக்கு என் அனுபவத்தால் சொல்லக்கூடியது சிறிது. வண்டியைப் பார்க்குமுன் அதைப் பழுதுபார்க்கும் கையைப் பாருங்கள். வண்ணத்தைப் பார்க்குமுன் அடியில் படுத்துச் சட்டத்தைத் தட்டுங்கள். பதிவுப் புத்தகத்தின் வயதையும் மாநிலத்தையும் படியுங்கள். ரப்பர் குழாய்களை முதல் நாளே மாற்றுங்கள். "இது எனக்காக அல்ல, பிறருக்காக" என்று உங்கள் நெஞ்சம் வாதாடினால், அந்தப் பிறரையே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பின் ஓர் உண்மையை மறைத்தால் நான் கட்டுரையாளன் ஆகமாட்டேன். திருத்தணி ஹெரால்டை மறு மாதமே யாரோ வாங்கிச் சென்றுவிட்டார்கள். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றும் வெளிர்நீலத்தில் எது தெரிந்தாலும் கழுத்து தானாகத் திரும்புகிறது. அப்பாவும் திரும்பிப் பார்க்கிறார்; பார்த்துவிட்டு, பார்க்காதது போல் முகத்தை வைத்துக்கொள்கிறார். சென்ற ஐப்பசியில் இரவெல்லாம் மழை கொட்டியது. ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. நடுநிசியில் எழுந்து வாசலுக்குப் போனேன். அப்பா எனக்கு முன்னரே அங்கே நின்று, பத்மினியின் மேல் போர்த்திய தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.